கொலோன் நகரத்துச் சைக்கிள் வீரர்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறது. வானொலியில் படத்தைக் காட்ட இயலாது. ஆகவே சொல்லால் வரைந்து காட்டுகிறேன்.

ஆண்டு 1934. இடம் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரம். மிதிவண்டிப் பந்தயத்தில் நாட்டின் முதல்வராக வெற்றி பெற்ற இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் நிற்கிறார். சுற்றியுள்ளோர் வலக்கையை விறைப்பாக முன்னே நீட்டியிருக்கின்றனர். அதுதான் அந்நாளைய ஆட்சியினர் நாடெங்கும் புகுத்தியிருந்த ஹிட்லர் வணக்கம். இளைஞரின் கை மட்டும் கீழே தொங்குகிறது. முகத்தில் வீறாப்பு இல்லை. எவரையும் எதிர்க்கப் புறப்பட்டவர் போலவும் தோன்றவில்லை. கை உயரவில்லை, அவ்வளவுதான்.

இப்படத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு என் பழைய செயல் ஒன்று நினைவுக்கு வந்து உறுத்துகிறது. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிக் காலைக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும்பொழுது, எல்லாரும் வலக்கையை நீட்ட, ஒரு சிறுவன் மட்டும் நீட்டாமல் நின்றான். அவனை வெயிலில் நிற்க வைத்தேன். மறுநாள் அவனும் நீட்டினான். ஏன் நீட்டவில்லை என்று நான் கேட்கவே இல்லை. நம் பள்ளி உறுதிமொழிக்கும் ஹிட்லர் வணக்கத்துக்கும் பொருளில் யாதொரு ஒப்புமையும் கிடையாது. அதை நீங்கள் நன்கறிவீர்கள். எனினும், கேளாமல் தண்டித்தேனே என்ற எண்ணம் முப்பதாண்டு கடந்தும் என்னைவிட்டு அகலவில்லை. ஹனோவர் படத்திலுள்ள இளைஞரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தூண்டியதும் அவ்வெண்ணமே.

அவர் பெயர் ஆல்பர்ட் ரிக்டர். நிலநடுக்கத்தை அளக்கும் முறையோடு இணைந்த ரிக்டர் வேறு; அவர் அமெரிக்க அறிஞர். நம் ரிக்டர் 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரில், ஏரன்ஃபெல்ட் என்னும் தொழிலாளர் பகுதியில் பிறந்தவர். தந்தை இசையில் நாட்டமுள்ளவர். மக்கள் இசைவாணராக வேண்டும் என்று விரும்பியவர். ஆல்பர்ட் வயலின் கற்றான். ஆனால் அவன் மனம் வில்லில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. அவன் வளர்ந்த ஏரன்ஃபெல்டிலேயே, கைவிடப்பட்ட பழைய மின்பொறித் தொழிற்சாலை ஒன்றை 1928-ஆம் ஆண்டில் சைக்கிள் பந்தய மண்டபமாக மாற்றினார்கள். அவனுக்கு அப்பொழுது வயது பதினாறு! நெருப்பருகே பஞ்சை வைத்ததுபோல் ஆயிற்று. வீட்டாருக்குத் தெரியாமல் சாலைப் பந்தயங்களிலும் அரங்கப் பந்தயங்களிலும் கலந்துகொள்ளத் தொடங்கினான். ஒருநாள் கீழே விழுந்து தோளெலும்பு முறிந்த பின்னரே தந்தைக்குச் செய்தி தெரிந்தது.

அவனைக் கண்டெடுத்தவர் எர்ன்ஸ்ட் பெர்லினர். இவர் முன்னாளில் தாமே பந்தய வீரராக விளங்கியவர், பின்னர் கொலோனில் மரச்சாமான் தொழில் நடத்தியவர், யூதர். இளைஞனின் கால்களில் மறைந்திருந்த ஆற்றலைப் பெர்லினர் கண்டுகொண்டார். பயிற்சி, உணவு, உறக்கம், போட்டிக்களத்தில் காட்ட வேண்டிய தந்திரம் ஆகிய யாவற்றுக்கும் அவரே ஆசானானார்.

அவர் பயிற்றுவித்த பந்தயம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்கினால்தான் மேலே சொல்வது விளங்கும். சைக்கிள் பந்தயம் என்றதும் ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுஞ்சாலைப் பந்தயமே பலருக்கும் நினைவு வரும். ரிக்டரின் சிறப்புத் துறை ‘ஸ்பிரின்ட்’ என்னும் குறுவிரைவுப் பந்தயம். கிண்ணத்தின் உட்புறம்போல் வளைவுகளில் சாய்வாக அமைந்த மரத்தடம் அல்லது சிமெண்டுத் தடம். விரைந்து வளைகிற வண்டி வெளிப்புறமாக வழுக்கிப்போகாமல் தாங்குவதற்கே அச்சாய்வு. இரண்டு வீரர் அல்லது மூவர் போட்டியிடுவர். முதலிற் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்: வெகுநேரம் ஒருவரும் விரைவதில்லை. நடப்பவன் வேகத்தில் ஊர்வார்கள். சில வேளைகளில் வண்டியை அசையாமல் நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றாமல் அப்படியே நிற்பார்கள். முன்னே செல்பவன் காற்றைக் கிழித்துக் களைப்பான். பின்னே வருபவன் அவன் நிழலில் ஒதுங்கி வலிமையைச் சேமிப்பான். ஆகையால் ஒருவரையொருவர் முன்னே தள்ளப் பார்ப்பார்கள். கடைசி 200 மீட்டர் வந்ததும் இருவரும் பாய்வர். அக்காலத்துத் தேர்ந்த வீரர்கள் அத்தொலைவைப் பன்னிரண்டு வினாடியளவில் கடந்தனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வருகிறது. அவ்வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும்.

இன்னொன்று. நம் தெருவில் ஓடும் சைக்கிளில் டயர் தனி, ட்யூப் தனி. பந்தயச் சைக்கிளில் அப்படியன்று. மெல்லிய ட்யூபை உள்ளே வைத்து, டயர்த் துணியை அதைச் சுற்றி மடித்து, அடிப்பக்கத்தில் ஊசிகொண்டு தைத்துவிடுவார்கள். பின்னர் பசையிட்டு ரிம்மின்மேல் ஒட்டுவார்கள். பஞ்சரானால் தையலைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் தைக்க வேண்டும். ஆகவே பந்தய வீரன் பெட்டியில் ஊசியும் நூலும் இருப்பதில் ஐயுறுவதற்கு ஏதுமில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1932-ஆம் ஆண்டு ரிக்டருக்கு இருமுகங்காட்டிய ஆண்டு. பாரிஸ் நகரத்துப் பெரும் பந்தயத்தில் அமெச்சூர் வீரர்களுள் முதல்வராக வென்றார். அவ்வாண்டு ஒலிம்பிக் விளையாட்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்தது. உலகெங்கும் பொருளாதார மந்தம்; ஜெர்மனியிலோ வேலையற்றோர் இலட்சம் இலட்சமாகத் தெருவில் நின்றனர். அத்துணைத் தொலைவு அவரை அனுப்பப் பணமில்லை என்று சங்கத்தார் கைவிரித்தனர். மனம் சோர்ந்த மாணவனைப் பெர்லினர் தேற்றி, ரோமாபுரியில் நடந்த உலகப் போட்டிக்கு ஆயத்தம் செய்தார். செப்டம்பர் மாதத்தில் ரிக்டர் அங்கே அமெச்சூர் ஸ்பிரின்ட் பிரிவில் உலக முதல்வரானார். இன்னும் இருபது வயது நிறையவில்லை.

அதன் பின் தொழில்முறை வீரராகிப் பாரிஸ் சென்றார். அந்நாளில் ஸ்பிரின்ட் பந்தயத்தின் தலைநகரம் பாரிஸ்தான். அங்கிருந்த குளிர்கால அரங்கில் இரவுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். கொலோன் இளைஞர் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டார். பாரிஸ் மக்களும் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். அவருடைய சீரான, அதிராத விசையைக் கண்டு, ‘ஜெர்மானிய எட்டு சிலிண்டர்’ என்று மோட்டார் எஞ்சினுக்கு ஒப்பிட்டுப் பட்டப்பெயர் சூட்டினர். பெல்ஜியம் நாட்டு ஜெஃப் ஷெரன்ஸ், பிரெஞ்சு வீரர் லூயி ஜெரார்தான், ரிக்டர் ஆகிய மூவரும் களத்தில் கடும் போட்டியாளர். களத்துக்கு வெளியே இணைபிரியாத நண்பர். ஊர் ஊராக ஒன்றாகவே பயணம் செய்தனர். பிரெஞ்சு நாவலில் வரும் மூன்று மெய்க்காவல் வீரர்களின் பெயரால் இவர்களை அழைத்தனர்.

ஷெரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைப் ‘பூனைக்குட்டி’ என்பார்கள். கடைசி நொடியில் பூனை எலிமேல் பாய்வதுபோல் அவர் பாயும் பாய்ச்சலை எவராலும் தடுக்க முடியவில்லை. 1932 முதல் 1937 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தொழில்முறை உலகப் பட்டம் அவருடையதே. ரிக்டர் 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் உலகப் போட்டியில் இரண்டாமவராகவோ மூன்றாமவராகவோ வந்தார், முதலிடம் கிட்டவில்லை. ஜெர்மன் நாட்டுப் பட்டத்தை மட்டும் 1933 முதல் 1939 வரை ஏழு ஆண்டுகள் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அவரை உலகின் தலைசிறந்த வீரர் என்று நான் சொல்லமாட்டேன். தலைசிறந்தவருக்கு அடுத்த படியில் ஆறாண்டு அசையாமல் நின்றவர் என்பதே பொருத்தம். அதுவும் எளிதன்று.

அவர் பாரிஸில் புகழ் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் தாய்நாட்டில் நிகழ்ந்தது என்ன? 1933-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். சில மாதங்களுக்குள் விளையாட்டுச் சங்கங்களிலிருந்து யூதர்களை நீக்கத் தொடங்கினர். பெர்லினருக்கும் கதவு அடைபட்டது. யூதரோடு உறவு வேண்டாம், பயிற்சியாளரை மாற்றிக்கொள் என்று ரிக்டரை நெருக்கினர். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வெளிநாடுகளில் அவருடைய பந்தயங்களைத் தொடர்ந்து கவனித்தவர் பெர்லினரே. 1934-இல் லைப்ஸிக் நகரில் உலகப் போட்டி நடந்தது. சொந்த மண்ணிலேயே ஆட்சியாளர் கண்முன் நடந்த போட்டி அது. ஸ்வஸ்திகச் சின்னம் பொறித்த புதிய சட்டையைக் கொடுத்தார்கள். ரிக்டரோ பழைய கழுகுச் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து களம் இறங்கினார். அன்று அவர் பெற்றது இரண்டாமிடம்.

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இவரைப் புரட்சிக்காரராக எண்ணிவிடாதீர்கள். அவர் துண்டுப்பிரசுரம் எழுதவில்லை, மேடையேறி முழங்கவில்லை, கட்சி எதிலும் முன்னிற்கவில்லை. ஜெர்மன் வீரர் என்ற பெயரிலேயே ஏழாண்டும் பந்தயமிட்டார். அவருடைய மறுப்புகள் சிறியவை: ஒரு கை, ஒரு சட்டை, ஓர் ஆசிரியர். அம்மூன்றிலும் அவர் இறுதிவரை பிடிவாதமாக இருந்தார். ஆட்சியினர் ஏன் பொறுத்தனர் என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் வெற்றி பெறும் ஜெர்மன் பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. புகழ் அவருக்கு ஓரளவு கவசமாக இருந்தது. அதே கொலோனில், அதே 1912-இல் பிறந்த டோனி மெர்க்கன்ஸ் என்னும் மற்றொரு வீரர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் தங்கப் பதக்கம் பெற்றார். போர் அவரையும் விடவில்லை. காயமுற்று 1944-இல் மாண்டார்.

1937-இல் பெர்லினர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி ஹாலந்து சென்றார். மறு ஆண்டு நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர் கோயில்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. நாட்டைவிட்டுப் போகும் யூதர்கள் பல தலைமுறையாகத் தேடிய செல்வத்தை விட்டுவிட்டே போகவேண்டும் என்பது சட்டம். வீட்டை விற்றாலும், கடையை விற்றாலும், எல்லையைத் தாண்டும்பொழுது கையில் இருக்கத்தக்கது பத்து மார்க். எல்லை கடந்து அடிக்கடி பயணம் செய்யும் பந்தய வீரரிடம் நண்பர்கள் உதவி கேட்டதில் வியப்பில்லை.

1939 ஆகஸ்டு இறுதியில் உலகப் போட்டிகள் இத்தாலியில் மிலான் நகரில் தொடங்கின. அவை முடிவதற்குள் போர் மூண்டது. வீரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டு அவரவர் நாடு திரும்பினர். நேற்றுவரை ஒரே மேசையில் உணவருந்திய ரிக்டரும் ஜெரார்தானும் இப்பொழுது எதிரெதிர் நாட்டினர். பிரெஞ்சுக்காரரை நோக்கிச் சுடத் தம்மால் ஆகாது என்று ரிக்டர் கூறியதாக அவரை அறிந்தோர் பின்னாளில் சொல்லியிருக்கின்றனர். டிசம்பர் 9-ஆம் நாள் பெர்லின் பெரும் பந்தயத்தில் வென்றார். அதுவே கடைசி வெற்றி.

டிசம்பர் 31. ஆண்டின் கடைசி நாள். ரிக்டர் தம் சைக்கிளுடன் சுவிட்சர்லாந்து செல்லும் இரயிலில் ஏறினார். முன்பே நாட்டைவிட்டு வெளியேறிவிட்ட கொலோன் யூத நண்பர் ஒருவருக்குச் சேரவேண்டிய 12,700 மார்க் அவரிடம் இருந்தது. எங்கே இருந்தது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: டயர்களுக்குள்.

எல்லைக்கு முந்திய நிலையம் வைல் ஆம் ரைன். இரயில் நின்றது. அதே வண்டியில் வந்த இரண்டு டச்சு வீரர்கள் நிகழ்ந்ததைக் கண்டனர். அவர்களுள் ஒருவர் கேஸ் பெல்லெனார்ஸ். 1934-இல் அதே லைப்ஸிக் போட்டியில் அமெச்சூர் சாலைப் பந்தயத்தில் உலக முதல்வரானவர். அதிகாரிகள் ரிக்டரின் பெட்டியைக் கிளறவில்லை, சட்டைப்பையைத் துழாவவில்லை. நேரே சைக்கிளை எடுத்து டயரைக் கிழித்தார்கள் என்பதே அவர்கள் சொன்ன செய்தி. தேடிக் கண்டவர்களின் செயலன்று அது. முன்கூட்டியே அறிந்தவர்களின் செயல். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவரைக் கைது செய்து அருகிலுள்ள லோராக் நகரச் சிறையில் அடைத்தனர். 1940 ஜனவரி 2-ஆம் நாள் அவர் இறந்துவிட்டதாகப் பதிவாயிற்று. வயது இருபத்தேழு.

எப்படி இறந்தார்? வரலாறு படிக்கும் மாணவர்கள் உற்று நோக்க வேண்டிய இடம் இது. முதலில், பனிச்சறுக்கு விளையாட்டில் விபத்து என்ற செய்தி உலவியது. பிறகு, பணத்தைக் கடத்திக்கொண்டு எல்லையைத் தாண்டுகையில் சுடப்பட்டார் என்றனர். அதன் பிறகு, செய்த குற்றத்துக்கு நாணிச் சிறை அறையில் தூக்கிட்டுக்கொண்டார் என்றனர். ஒரு மனிதன் ஒருமுறைதான் சாக முடியும். மூன்று விதமாக அவன் செத்தான் என்று ஓர் அரசாங்கத்தின் பக்கமிருந்து செய்தி வருமானால், அவற்றுள் எது மெய் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். மூன்று ஏன் தேவைப்பட்டன என்றும் கேளுங்கள். விபத்தாயின் விபத்தென்று ஒருமுறை எழுதினால் போதுமே! அவரைக் காணச் சென்ற உடன்பிறந்தவர், உடல் இரத்தக்கறையோடு கிடந்ததைக் கண்டதாகக் கூறினார். தூக்கிட்டுக்கொண்டவன் உடலில் இரத்தம் எதற்கு? காவல் துறையின் இரகசியப் பிரிவாகிய கெஸ்டாபோ அவரைக் கொன்றது என்பதே இன்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் கொள்ளும் முடிவு. அதைச் செய்த கைகள் எவருடையவை என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, பணம் கடத்தியது சட்டப்படி குற்றந்தானே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆம், குற்றந்தான். அந்நாட்டு அந்நாளையச் சட்டப்படி ஐயமின்றிக் குற்றம். ஆனால் அச்சட்டம் என்ன செய்தது? உடைமையை உடையவனிடமிருந்து பறித்தது. டயருக்குள் தைத்திருந்த பணம் ரிக்டருடையதன்று, அரசாங்கத்துடையதுமன்று. உழைத்துத் தேடிய ஒருவருடையது. உரியவரிடம் உரியதைச் சேர்ப்பது குற்றமென்று எழுதிய சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளி. அம்மாணவி சிறிது நேரம் நின்றாள், “அப்படியானால் எந்தச் சட்டத்தை மீறலாம், எதை மீறக்கூடாது என்று யார் சொல்வது?” என்றாள். மணி அடித்துவிட்டது. மறுநாளும் அதைப் பற்றியே பேசினோம்; அதற்கு மறுநாளும் பேசினோம். பாடத்திட்டம் இரண்டு நாள் பின்தங்கியது.

ஜெர்மன் சைக்கிள் சங்கத்தின் அதிகாரபூர்வ ஏடு, யூதன் ஒருவனுக்காகப் பணம் கடத்தியவனின் பெயர் தங்கள் அணியிலிருந்து எந்நாளைக்குமாக அழிக்கப்பட்டது என்று எழுதியது. ஏழு ஆண்டு நாட்டு முதல்வராக இருந்தவரை ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட்டார்கள்.

பாரிஸில் அவர் பந்தயமிட்ட குளிர்கால அரங்கின் கதையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1940-இல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தது. 1942 ஜூலையில் அந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிரெஞ்சுக் காவலரே பிடித்தனர். குழந்தைகுட்டிகளோடு பல்லாயிரவரை அவ்வரங்கினுள் நாள்கணக்கில் அடைத்து வைத்தனர்; பின்னர் அவர்களைக் கொலைக்கூடங்களுக்கு அனுப்பினர். ரசிகர்கள் ஆரவாரித்த அதே படிக்கட்டுகள். அதே கண்ணாடிக் கூரை.

போர் முடிந்தது, ஆட்சி வீழ்ந்தது. ஆனால் அழித்த பெயரை மீண்டும் எழுத எவரும் விரையவில்லை. பழைய விளையாட்டு அதிகாரிகளுட் பலர் புதிய நாற்காலிகளில் அமர்ந்துவிட்டனர். பழங்கதையைக் கிளற அவர்களுக்கு விருப்பமில்லை. எனக்கு வருத்தம் தரும் பகுதி இதுதான். கொடுங்கோலன் செய்தது கொடுமை. அவன் போன பின்னும் நல்லவர்கள் காத்த மௌனத்துக்கு என்ன பெயர் கொடுப்பது? ஹாலந்தில் மறைந்து வாழ்ந்து உயிர்தப்பிய பெர்லினர் பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். தம் மாணவன் சாவை விசாரிக்க வேண்டும் என்று 1960-களில் ஜெர்மன் அரசு வழக்குத்துறைக்கு முறையிட்டார். அப்பொழுது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பயன் விளையவில்லை, விசாரணையைக் கைவிட்டு ஏட்டை மூடிவிட்டனர்.

ரிக்டரின் பெயர் திரும்பி வந்தது மிகவும் பிற்காலத்தில்தான். 1990-ஐ ஒட்டி ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. 1998-இல் ரெனாட்டே ஃபிரான்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் அவருடைய வரலாற்றை நூலாக்கினார். ‘மறக்கப்பட்ட உலக முதல்வர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். கொலோன் நகரத்தார் தங்கள் சைக்கிள் பந்தய அரங்குக்கு ஆல்பர்ட் ரிக்டரின் பெயரைச் சூட்டினர். 2008-இல் ஜெர்மன் விளையாட்டுச் சான்றோர் வரிசையிலும் அவர் பெயர் சேர்ந்தது.

ஷெரன்ஸைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்று விடுபட்டுப் போயிற்று. போருக்குப் பின் அவர் மறுபடியும் பந்தயமிட வந்தார். 1947-இல் உலகப் போட்டி பாரிஸில் நடந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஸ்பிரின்ட் வீரர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயது. பழைய பூனைப் பாய்ச்சல் இன்னும் கால்களில் இருந்தது. ஏழாம் முறையாக உலகப் பட்டம் வென்றார். அதற்கு முந்திய ஆறு பட்டங்களில் ஐந்தை அவர் வென்ற ஆண்டுகளில், அடுத்த இரண்டு இடங்களுள் ஒன்றில் நின்றவர் ரிக்டர்.